இடப்பக்கத்துப் பாரம்

மூட்டையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, முழங்காலால் ஓர் உந்து உந்தி, கோவிந்தப்பன் அதை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைக்கிறார். "சாஞ்சுக்கோங்க சார். இன்னுங் கொஞ்சம் பின்னால போங்க." மூட்டை பின்னால் போகிறது. பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, ஆணியில் தொங்கும் கட்டம்போட்ட சட்டையை எடுத்து மூட்டைக்குப் போர்த்தி, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போடுகிறார். கடைசிப் பொத்தான் எட்டவில்லை. "தொப்பயக் கொறைங்க சார்" என்று சொல்லிவிட்டு, தள்ளி நின்று பார்க்கிறார். காருக்குள் தலையில்லாத ஓர் ஆள் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

சூளகிரியிலிருந்து பேரிகை போகும் ரோட்டில், கிரானைட்டுக்கு பாலிஷ் போடும் பட்டறைக்கும் விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டுக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. கதவு கிடையாது, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. ஓசூர்க் கம்பெனி பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும். பழைய ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். மதுரை, திருவாரூர்ப் பக்கமிருந்து புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானம் கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தக் கொட்டகையில கார்ல உக்காந்திருந்தவருக்குத் தலையக் காணோமே" என்று மெல்ல விசாரிப்பார்கள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் நாகம்மாள் பாய்லரை வேண்டுமென்றே ரோட்டுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்திருக்கிறாள். "என்னைக்காவது அதுல ஒண்ணு எறங்கி வந்து டீ கேக்கப் போவுது. அன்னைக்கே நான் கடையச் சாத்திக்கினு ஊரப் பாக்கப் போயிடுவன்" என்பது அவளுடைய நிரந்தரப் பேச்சு.

மூட்டைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வளைவில் ஒரு காரைக் காப்பாற்றுவது எஞ்சின் இல்லை, பாரம் என்பது கோவிந்தப்பனின் கட்சி. நான்கு சக்கரமும் தரையை எவ்வளவு அழுத்துகின்றன என்று பார்த்து, அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்குகளை ஏற்றியோ இறக்கியோ வைக்க வேண்டும். வெறும் காரை அளந்து என்ன பிரயோஜனம், ஓட்டுகிறவன் என்ன காற்றா? ஆகவே அவன் எடைக்கு ஒரு சாக்கில் எம்-சாண்ட் என்கிற கல்மணலை நிரப்பி, அவன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் அளப்பார். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கழித்துப் போட்ட நான்கு எடை மெஷின்களை வாங்கிவந்து சக்கரத்துக்கு ஒன்றாகத் தரையில் பதித்திருக்கிறார். கார் கொண்டுவருகிற ஆள் முதலில் அந்த மெஷினில் ஏறி நிற்க வேண்டும். போட்டுக் கழற்றிய, துவைக்காத சட்டை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எடைக்கு மணல் சரி, சட்டை எதற்கு என்று கேட்டால், "வண்டிக்கு ஆளு யாருன்னு தெரிய வேணாமா?" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று மூஞ்சியைப் பார்த்தால், சிரிக்க மாட்டார்.

குட்டையான மனிதர். வெல்டிங் பொறி பட்டு ஒரு புருவம் பாதி போய்விட்டது, அதனால் எப்போதும் எதையோ நம்பாதவர் போலத் தெரிவார். ஓசூர் சிப்காட்டில் லாரிக்குச் சட்டம் கட்டும் ஒரு கம்பெனியில் பல காலம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். வீட்டில் தெலுங்கு, தொழிலில் தமிழ். பழைய கார்களை வாங்கி வைத்துக் கொஞ்சுகிற ஆட்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் பெருத்துவிட்டதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வருகிறவற்றில் அவர் மனசுக்குப் பிடித்தது கான்டெஸா. நீள மூக்கும் அகன்ற தோளுமாக வாசலில் வந்து நின்றால், "கெடா மாதிரி நிக்குது பாரு" என்று பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்.

அந்தக் கிடா எத்தனையோ மழையில் நனைந்து துருப்பிடித்து வந்திருக்கும். வளைவில் உடம்பை முறுக்கும். அவர் துருவை வெட்டி எறிந்துவிட்டு, முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் தரைக்கு அடியில் சதுரக் குழாயால் இணைத்துப் பற்றவைப்பார். எஞ்சினுக்கு மேலே இரண்டு தோள்களையும் சேர்த்து ஒரு கம்பி, கீழே வண்டி ஒரு பக்கமாகப் படுக்காமல் இழுத்துப் பிடிக்க இன்னொரு தடித்த கம்பி. மட்கார்டை அறுத்து வெளியே தள்ளி, அகல டயருக்கு இடம் பண்ணுவார். முன்னால் பாரம் குறைய பேட்டரியைப் பிடுங்கி டிக்கியில் வைப்பார். கடைசியில் மொத்த உடம்பையும் தரையோடு தரையாக இறக்குவார். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் போலீஸ் சும்மா விடாது. ரேஸ் டிராக்குக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் ஓட்ட வேண்டும். பர்கூர் திம்மப்பனைப் போலச் சிலர் அதையும் கேட்பதில்லை, அது வேறு கதை.

கார் மெஷின்மேல் ஏறிவிட்டால் கொட்டகைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. செருமினால்கூட அந்தப் பாதிப் புருவம் திரும்பும். "பாரம் உக்கார்ற நேரம். சத்தம் போட்டா எழுந்துக்கும்" என்பார். பக்கத்துப் பட்டறையில் கல்லறுக்கும் மெஷின் நிற்கும் வேளையாகப் பார்த்துத்தான் அளவே எடுப்பார். அப்போது அங்கே நின்றிருக்கிறீர்களா? தகரம் வெயிலில் நெரியும் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. ஆணி ஆணியாகத் தொங்கும் சட்டைகள் காற்றே இல்லாமல் லேசாக ஆடும். உள்ளே மூட்டை உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால், அதுவும் நம்மைப் பார்ப்பதாகவே தோன்றும்.

முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. ஏனென்றால் சென்னம்மா இருந்தாள்.

சென்னம்மா அவர் மனைவி. ஆனேக்கல் பக்கத்துப் பெண், கன்னடக்காரி, புருஷனைவிட ஒரு சாண் உயரம். அவளிடம் மட்டும் அவர் கன்னடத்தில் பேசுவார். வேலை முடிந்த எந்த வண்டியும் அவள் உட்கார்ந்து பார்க்காமல் வெளியே போனதில்லை. மடியில் கனகாம்பரத்தையும் மரிக்கொழுந்தையும் கொட்டிக்கொண்டு இடப்பக்க இருக்கையில் உட்காருவாள். குமட்டும் என்று கண்ணாடியை நான்கு விரல் இறக்கிக்கொள்வாள். கோவிந்தப்பன் லேஅவுட் ரோட்டில் வண்டியைச் சுழற்றிச் சுழற்றி ஓட்டுவார், அவள் பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருப்பாள். மடியில் பூ எந்தப் பக்கமாக உருண்டு ஓடுகிறதோ, வண்டி அந்தப் பக்கம் படுக்கிறது என்று கணக்கு. பூ உருளாத வண்டிதான் ஊருக்குப் போகும்.

ஒரே ஒரு தொல்லை. தரையோடு இறக்கிய வண்டியிலிருந்து அந்த உயரத்துக்கு இறங்கினால் கூரை விளிம்பில் தலை இடித்துக்கொள்ளும். இரண்டு தடவை நெற்றி வீங்கிய பிறகு, வண்டி நின்றதும் கோவிந்தப்பனே இந்தப் பக்கம் ஓடிவருவார். கதவைத் திறந்து, உள்ளங்கையைக் கூரை விளிம்பில் அண்டைகொடுத்து, "தலெ, தலெ" என்பார். கன்னடத்தில் தலைக்குத் தலெ என்றுதான் பெயர். அந்தக் கைக்கு அடியில் குனிந்து, மடிப்பூவைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்குவாள். "கலெக்டரம்மா எறங்கறாங்க, வழி உடுங்க" என்று நாகம்மாள் எதிர்க்கடையிலிருந்து குரல் கொடுப்பாள்.

போன மழைக்காலத்தில் சென்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள் நடந்து திரும்பவில்லை. அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் கன்னடம் கேட்கவில்லை.

ஒரே மகள் அருணா ஓசூரில் குடியிருக்கிறாள். ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மயிரிழை அளவு தப்பினாலும் பொருளைச் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போட வேண்டியது அவள் பொறுப்பு, போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் அவளுக்குத் தெரியும். லீவு நாளில் களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருவாள். அப்பா மறுபடி வேலையில் இறங்கிவிட்டார் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அப்படி வந்த ஒரு நாளில்தான், பாகலூர் கௌதமின் மெரூன் நிறக் கான்டெஸாவில் இரண்டாவது மூட்டையைப் பார்த்தாள்.

ஓட்டுநர் இடத்தில் கௌதமின் நீலச் சட்டை போட்ட மூட்டை. அதன் பக்கத்தில், இடப்பக்க இருக்கையில், பச்சைப் புடவை கட்டிய மூட்டை. கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளென்று நினைத்த இடத்தில் போட்டு, பெல்ட்டும் மாட்டியிருந்தது. அந்தப் பச்சைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தவளே அருணாதான்.

"இது எதுக்குப்பா?"

"பாரம்."

"டிராக்ல தனியாத்தான ஓட்டுவாங்க?"

"அவ உக்காந்து பாக்காம நான் எந்த வண்டிய வெளிய உட்டன்?"

அருணா கதவருகே குனிந்தாள். மூட்டையைத் தொட்டாள். கரடுமுரடாக இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "ஆத்து மணலு. எம்-சாண்ட் குத்தும்மா, அவளுக்கு." வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போகட்டும், மனுஷர் எப்படியாவது தேறிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். தரம் பார்க்கிற கண், அந்த ஒரு இடத்தில் பாராமல் இருந்துவிட்டது.

நாகம்மாள் அப்படி விடவில்லை. அடுத்த முறை அருணா டீ குடிக்கப் போனபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னு பாத்தன். போன வாரம் உங்கப்பா அந்த மெரூன் வண்டிய லேஅவுட்ல ஓட்டனாரு. முந்தான வெளிய பறந்துச்சு. நானு பழக்கதோசத்துல, என்னக்கா பூவு ஆச்சான்னு கையாட்டிட்டன். அப்புறந்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு. கையில இருந்த க்ளாஸ உட்டுட்டன்." 

"மூட்டைல கட்டன சேலக்கா அது. காத்துல பறந்திருக்கும்."

"பறந்தது சரி கண்ணு. உள்ள இழுத்துக்கிச்சே, அது?"

அருணாவுக்குச் சிரிப்பு வர வேண்டியது, வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கௌதம் ரோஜாத் தோட்டக்காரர் வீட்டுப் பையன், முப்பது வயதிருக்கும். வண்டிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் அந்தக் கான்டெஸாவை ஓட்டப் பேர் கொடுத்திருந்தான். சனிக்கிழமை காலையில் அருணா சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, கோவிந்தப்பன் போல்ட்டு வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தார். கௌதம் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவளுக்காகவே காத்திருந்தவன் மாதிரி இருந்தது.

"அக்கா, கோவிந்தண்ணன்கிட்ட நான் எப்படிக் கேக்கறது? நீங்கதான் கேக்கணும். அந்த மூட்ட இருந்தா வண்டி தரையோட ஒட்டிக்கினு போவுது. மூட்டய எடுத்துட்டா இடது வளைவுல தூக்குது. நாளைக்கு என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களே."

"ஓட்டிக் காட்டு."

பச்சைப் புடவையில் கை வைக்கக் கௌதம் கூசினான். அருணாவே பெல்ட்டைக் கழற்றி அணைத்துத் தூக்கினாள். அவன் ஒரு பக்கம் தாங்க, கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். இடப்பக்கக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

அந்த லேஅவுட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தார் ரோடு இருக்கிறது, வீடு இல்லை. தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை இருக்கிறது, மனுஷர் இல்லை. எல்லைக் கற்கள் மட்டும் மஞ்சள் பூசிக்கொண்டு வரிசையாக நிற்கும், நடுப்பகலில்கூட அங்கே தனியாக நடக்க மனசு வராது. அருணா இடது வளைவின் ஓரமாகப் போய் நின்றாள். கான்டெஸா வந்தது. வளைவில் திரும்பியது. உள்பக்கத்துப் பின்சக்கரம் ரோட்டை விட்டு மேலே எழும்பியதை அவள் கண்ணால் பார்த்தாள். சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவில் வெயில் தெரிந்தது. வண்டியின் பின்பாகம் வெளியே வீசி, ஒரு மஞ்சள் கல்லை உரசாத குறையாகப் போய் நின்றது.

அப்பாவின் வேலை அவளுக்குப் பாதியாவது தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்த வண்டிக்கு ஸ்பிரிங் வைத்துவிட்டு ஒரே ஆளை அனுப்பினால், ஆளில்லாத பக்கம் இலேசாகி எழும்பத்தான் செய்யும்.

"இன்னொரு தடவ போ" என்றாள். அளவு என்றால் இரண்டு முறை எடுக்க வேண்டும், அது தொழில் பழக்கம்.

மறுபடி வந்தான். அதே வளைவு, அதே சத்தம். இம்முறை சக்கரம் எழும்பவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. நிறுத்தி இறங்கியவனின் நெற்றியெல்லாம் வேர்வை.

"மெதுவா வந்தியா?"

"அதே வேகந்தான்க்கா. இப்படித்தான் பண்ணுது. நாலு தடவ ஓட்டுனா ஒரு தடவ தூக்க மாட்டேங்குது. எனக்கு பயமே அந்த ஒரு தடவதான்." பிறகு அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்: "அந்தக் கண்ணாடியப் பாருங்க. நான் முழுசா ஏத்திட்டுத்தான போனன்."

இடப்பக்கக் கண்ணாடி நான்கு விரல் இறங்கியிருந்தது. பழைய வண்டி, கண்ணாடி ஏற்றும் சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கும் என்று அருணா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கையை விட்டுக் கண்ணாடியை அழுத்திப் பார்த்தாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

"பர்கூர் திம்மப்பண்ணன் கையை ஒடச்சுக்கினாரே, தெரியுமாக்கா?" என்றான் கௌதம். "கோவிந்தண்ணன் செஞ்ச வண்டிதான். ரெண்டு மாசத்துக்கு முன்ன வாங்கினு போனாரு. ராத்திரி ஆளில்லாத ரோட்டுல ஓட்டிப் பாக்கறன்னு கேவுரு வயலுக்குள்ள உட்டுட்டாரு. இடது வளைவு."

அளந்தால் ஒரே எண் திரும்பத் திரும்ப வர வேண்டும். வராத பொருளைவிடப் பொல்லாத பொருள் வேறு இல்லை என்பது அருணாவுக்குச் சோறு போடும் பாடம். அம்மா வந்து உட்காருகிறாளா இல்லையா என்பதை அவள் யோசிக்கவே விரும்பவில்லை. உட்கார்ந்தால் இந்தப் பையன் பிழைத்தான், உட்காராவிட்டால் போனான், அந்த ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கோவிந்தப்பன் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கொட்டகைக்குள் நுழைந்ததும் கட்டிலைப் பார்த்தார். போல்ட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, கலைந்திருந்த கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக எடுத்துச் சீர் பண்ண ஆரம்பித்தார்.

"யாரு தூக்குனது?"

"நான்தான்ப்பா."

அவர் அடுத்த மடிப்பை எடுத்தார். அருணா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"திம்மப்பண்ணனுக்குக் கை ஒடைஞ்சது இடது வளைவுலப்பா."

"வேகமா போயிருப்பான்."

"அவரு வண்டியிலயும் அம்மாவ உக்கார வெச்சுத்தான் செட் பண்ணீங்களா?"

மடிப்பில் இருந்த கை நின்றது. தலை மட்டும் அசைந்தது.

"நீங்க ரெண்டு பேருக்கு வெச்சு அனுப்பறீங்க. அவங்க ஒருத்தரா போறாங்க. நாளைக்கு இவன் போறான். இவனையும் பெத்தவங்க வீட்டுல இருக்காங்கப்பா."

கௌதம் வெளியே போய் நின்றுகொண்டான். கோவிந்தப்பன் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே பேசினார், குரல் உயரவில்லை. "எல்லாத்தயும் எடுத்துட்டீங்க. போட்டோவுக்கு மால போட்டீங்க. அவ பெட்டியக் கட்டி மேல போட்டீங்க. அவ படுத்த பாயக்கூட வாய்க்கால்ல உட்டாச்சு. வேணாம்னு நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு சீட்டுதான்ம்மா எனக்கு மிச்சம்."

அருணாவின் கண் நிறைந்துவிட்டது. "காலைல நான் தூக்கினனே, எவ்ளோ பாரம்? இருந்தும் கீழ வெக்க எனக்கு மனசு வரலப்பா. கௌதம் பிடிச்சதாலதான் வெச்சன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவால யாருக்காச்சும் கெடுதல்னு பேரு வரணுமா?" என்றாள்.

பக்கத்துப் பட்டறையில் கல்லறுக்கும் மெஷின் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றது. அவர் சேலை நுனியைக் கொசுவத்துக்குள் மெல்லச் செருகினார். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கௌதம கூப்புடு. ஒருத்தருக்கே வெச்சிடலாம்."

ஆனால் முதலில் அவளையும் வைத்து அளந்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றார். அது முறை, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். காரைத் தள்ளி நான்கு மெஷின்களின் மேலும் ஏற்றினார்கள். நீலச் சட்டை மூட்டை ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தது. பச்சைப் புடவை மூட்டையை அவரே தூக்கிவந்து இடப்பக்கம் உட்கார வைத்து, முந்தானையைக் கதவில் சிக்காமல் உள்ளே எடுத்துவிட்டார். நான்கு சிவப்பு எண்களும் ஓடி ஓடி நின்றன. யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு இடது கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினார். மூட்டையை வெளியே எடுத்தார். வயதுக்கு மீறிய பாரம். கௌதம் கை கொடுக்கப் போனான், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கட்டில் வரை தானே சுமந்துபோய் வைத்தார். திரும்பிவந்து கதவைச் சாத்தினார்.

மூவரும் எண்களைப் பார்த்தார்கள்.

இடப்பக்கத்து இரண்டு மெஷின்களிலும் எண் அசையவில்லை. காரின் இடப்பக்கம் எழும்பவும் இல்லை. மூட்டை கட்டிலில் இருந்தது, இருக்கை காலியாக இருந்தது, பாரம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

மண்டியில் கழித்துப் போட்ட மெஷின்கள், அப்படித்தான் சில நேரம் மாட்டிக்கொள்ளும் என்று அருணா நினைத்தாள். ஸ்பிரிங்கும் புதிது, எங்காவது இறுகியிருக்கும். ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிட்டு வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கினால் சரியாகிவிடும். காரைச் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் நடந்தாள். இடது கதவுக்கு நேராக வந்தபோது கோவிந்தப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா. தொடாத."

இருக்கைப் பக்கமாக வந்து நின்றார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். சாத்திய கதவை மறுபடி மெல்லத் திறந்து, முழுக்க விரித்துப் பிடித்தார். இன்னொரு கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கூரை விளிம்பில் அண்டைகொடுத்து வைத்தார்.

"தலெ" என்றார். "தலெ, தலெ."

ஒரு ஸ்பிரிங் மெல்ல முனகியது. இடப்பக்கம் ஒரு விரல், இரண்டு விரல் என்று எழும்பியது. சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. கோவிந்தப்பன் கையை எடுக்காமல் நின்றார். கதவுக்கு நேராக நின்றிருந்த அருணா, தன்னை அறியாமல் ஓர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.